ஊட்டிக்கும் முதுமலைக்கும் வேன் பேசுறவங்களுக்கு

பள்ளிக்கூட லீவு விட்டதும் ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைன்னு தெருவுக்கு ஒரு வேன் ஊட்டிக்குக் கிளம்பிடும். வெள்ளி ராத்திரி ஏறி, 500 கிலோமீட்டருக்கு மேல விடிய விடிய ஓட்டி, தூங்காத கண்ணோட மலை ஏறுறாங்க. ஞாயித்துக்கிழமை அதே டிரைவர்தான் இறங்கணும். இந்த ஏற்பாடே தப்பு. எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல வண்டியைக் கொண்டு வர்றவங்க திறமையில எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா வடசென்னையில இறக்கம்னா மேம்பாலம்தான், அரை நிமிஷத்துல முடிஞ்சிடும். மலையில அது ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

பெரிய கியர்லயே விட்டுட்டு பிரேக்ல வச்ச காலை எடுக்காம இறங்குறாங்க. லைனிங் சூடேறி கருகுற வாடை வரும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கும். ரெண்டு வருஷமா மாத்தாத ஆயில்னா அந்தச் சூட்டுல சீக்கிரமே கொதிச்சு, பைப்புக்குள்ள ஆவிக் குமிழி கட்டிடும். அப்போ பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும், வண்டி நிக்காது. டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல போட்டு இன்ஜினை ஆஃப் பண்றது இன்னும் மோசம். பிரேக்கை லேசா மிதிக்க உதவுற வேக்யூம் (இன்ஜின் ஓடுறப்போ கிடைக்கிற உறிஞ்சு விசை) போயிடும், பவர் ஸ்டியரிங்கும் இறுகிடும்.

ஏற எந்த கியரோ, இறங்கவும் அதே கியர். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாடியே ரெண்டாவதுக்கு வந்துடணும். ஏறி வர்ற வண்டிக்கு வழி விடணும். வாடை வந்தா அகலமான இடத்துல ஓரங்கட்டி, கியர்ல போட்டு, சக்கரத்துக்குக் கல்லு வச்சு அரை மணி நேரம் ஆற விடுங்க. தண்ணி ஊத்தாதீங்க, சூடான டிஸ்க் விரிசல் விட்டுடும்.

என்னைக் கேட்டா வேனே வேணாம். சென்ட்ரல்ல ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினா காலையில மேட்டுப்பாளையம். அங்கிருந்து ஊட்டிக்கு அரசு பஸ் இருக்கு. 2024 மே 7-லேர்ந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேணும், அரசு பஸ்ல போறவங்களுக்கு அந்த வேலை இல்ல. பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலை செக்போஸ்ட்லயே வாங்கி வச்சுடுவாங்க. எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கோங்க.

ஊட்டியில ஏரியும் பூங்காவும் பாத்துட்டுத் திரும்பிடாதீங்க. முதுமலைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்க. 1940-லயே சரணாலயமான காடு, 2007-ல புலிகள் காப்பகம் ஆச்சு. ஊட்டி 2,200 மீட்டர் உயரத்துக்கும் மேல, முதுமலைக்குள்ள இருக்குற தெப்பக்காடு அதுல பாதிகூட இல்ல. அதனால ஒரே நாள்ல ஸ்வெட்டரும் வேணும், பருத்திச் சட்டையும் வேணும். கூடலூர் வழியா போங்க. கல்லட்டி ரோடு தூரம் கம்மிதான், ஆனா 36 கொண்டை ஊசி வளைவு, செங்குத்தான இறக்கம். சவாரிக்கு வனத்துறை வண்டிதான், அதுவும் காலையில முதல் சுத்து. ராத்திரியில மிருகம் காட்டுறோம்னு ஜீப்போட யாராவது வந்தா போகாதீங்க, அது சட்டவிரோதம். பிப்ரவரி, மார்ச்ல காட்டுத்தீ பயத்துல சவாரியை நிறுத்தவும் செய்வாங்க, கேட்டுட்டுக் கிளம்புங்க. புள்ளிமான், காட்டெருமை, யானையை எதிர்பார்த்துப் போங்க. புலியைப் பாக்குறது அதிர்ஷ்டம்.

ரோட்டுல யானை நின்னா 50 மீட்டருக்குக் குறையாம முன்னாடியே நிறுத்துங்க. இன்ஜின் ஓடட்டும், பின்னாடி வர இடம் இருக்கட்டும். நம்ம ஊர்ல ஹாரன் அடிச்சா வழி கிடைக்கும், அங்க ஹாரன் யானையை வம்புக்கு இழுக்குற மாதிரி. ஃபோட்டோவுக்கு ஃபிளாஷ் போடக் கூடாது, யாரும் கீழ இறங்கக் கூடாது. காதை ஆட்டிக்கிட்டே புல்லு மேஞ்சா அது நிம்மதியா இருக்கு. ஆட்டுறதை நிறுத்தி ரெண்டு காதையும் விரிச்சு, தலையைத் தூக்கி உங்களையே பாத்தா நேரம் முடிஞ்சுது, மெதுவா பின்னாடி எடுங்க. குட்டி ஒரு பக்கம், தாய் இன்னொரு பக்கம் நின்னா நடுவுல வண்டியை விடவே விடாதீங்க. கூட்டம் மொத்தமும் ரோட்டைக் கடந்த பிறகும் அஞ்சு நிமிஷம் நில்லுங்க, கடைசியா ஒண்ணு பின்தங்கி வரும்.