தூங்க மறுக்கும் கணினி
15 நிமிடம் தொடாமல் விட்டால் தானாகத் தூங்கிவிட வேண்டும் என்று செட்டிங்ஸில் தெளிவாக வைத்திருக்கிறேன், ஆனாலும் இரவு முழுக்க ஃபேன் ஓடுகிறது. காலையில் தொட்டால் சூடு. மவுஸைக் கழற்றினேன், கணினியை எழுப்ப நெட்வொர்க் கார்டுக்கு இருந்த அனுமதியையும் எடுத்தேன். அதெல்லாம் தூங்கினதை எழுப்புகிற சமாச்சாரம், இது தூங்கவே போகவில்லையே! அப்புறம் அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, விண்டோஸின் பவர்சிஎஃப்ஜி (powercfg) கட்டளையில் ரிக்வெஸ்ட்ஸ் என்று, அதாவது தூங்கவிடாமல் தடுப்பது எது என்று கேட்டால், சிஸ்டம் என்ற தலைப்பின் கீழ் ஆடியோ டிரைவர், அதாவது ஒலியை இயக்கும் மென்பொருள், நிற்கிறது. அப்படியென்றால் எங்கோ ஒலி ஓடிக்கொண்டிருக்கிறது என்று தேடினேன். நான் மறந்துபோன ஒரு பிரவுசர் டேப்பில் வீடியோ திரும்பத் திரும்ப ஓடியிருக்கிறது, ஸ்பீக்கர் அணைந்திருந்ததால் கேட்கவில்லை. மூடினேன், தூங்கியது. சரி, யார் தடுக்கிறார்கள் என்பது கணினிக்குத் தெரியும்தானே, அதைச் செட்டிங்ஸ் பக்கத்திலேயே ஒரு வரியில் காட்டினால் என்ன?