பித்தப்பையை அகற்றிய பின்னரும் கல் வரலாம்

“பித்தப்பையை எடுத்தவருக்கு ஆயுளுக்கும் கல் வராது, பிறகு வரும் வலியெல்லாம் வெறும் காஸ்ட்ரிக்” என்றொரு குரற்பதிவு திருகோணமலை வட்ஸ்அப் குழுக்களில் பகிரப்படுகிறது. இது தவறு, ஆபத்தானதும்கூட.

சத்திரசிகிச்சையில் அகற்றப்படுவது பித்தத்தைச் சேமிக்கும் பை மட்டுமே. பித்தத்தைச் சுரக்கும் ஈரலும், அதனைச் சிறுகுடலுக்குக் கொண்டுசெல்லும் குழாயும் அப்படியே இருக்கின்றன. ஆகவே, முன்னரே பையிலிருந்து நழுவிக் குழாய்க்குள் தங்கிய கல் மாதங்கள் கழித்து அடைப்பை ஏற்படுத்தலாம். குழாயிலேயே புதிதாகவும் கல் உருவாகலாம். 2 ஆண்டுகளுக்குள் தென்படுவதை எஞ்சிய கல் என்றும், பின்னர் தென்படுவதை மீளத் தோன்றிய கல் என்றும் வைத்தியர்கள் பொதுவாக வகுக்கின்றனர். அரிதாக, சத்திரசிகிச்சையின்போது குழாயில் ஏற்பட்ட காயம் தழும்பாகிச் சுருங்கி, ஆண்டுகள் சென்ற பின்னரே வெளிப்படுவதுமுண்டு.

பெரும்பாலானோருக்கு இவை வருவதில்லை. தேவையான சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட இது காரணமாகாது.

ஆனால், வலப்புற மேல்வயிற்றில் வலி, நடுக்கத்துடன் காய்ச்சல், கண்கள் மஞ்சளாதல் ஆகியவை சேர்ந்து வந்தால் அது பித்தக்குழாய்த் தொற்றாக இருக்கலாம். விரைவில் குருதியிலும் பரவக்கூடிய அந்நிலையில், மூதூரிலோ குச்சவெளியிலோ இருப்பவர் செங்கண்மாரி என எண்ணிக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்து நாட்களைக் கடத்தாமல், உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். சிறுநீர் தேநீர்ச் சாயம்போல் கறுத்து, மலம் வெளிறுவதும் அடைப்பின் அடையாளமே. பழைய சத்திரசிகிச்சைக் குறிப்புகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். குழாய்க்கல்லைப் பெரும்பாலும் வயிற்றை வெட்டாமல், வாய்வழியே அகநோக்கியை (கமரா பொருத்திய மெல்லிய குழாய், எண்டோஸ்கோப்) செலுத்தி அகற்றிவிட முடியும்.