ஒரு நாள் வந்து போவதில் என்ன பயன்?

பெரிய விளையாட்டு அணிகள் வசதியில்லாத பிள்ளைகளுக்காக ஏதாவது செய்தால், "எல்லாம் விளம்பரம்" என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மருத்துவமனை கூப்பிட்டால் வராதவர்கள்கூட, தாங்கள் உயிராய் நினைக்கும் அணி கூப்பிட்டால் வருவார்கள்.

ஸ்காட்லாந்தில் கால்பந்து கிளப்புகளும் கிளாஸ்கோ பல்கலைக்கழகமும் சேர்ந்து இதைச் செய்து பார்த்தன. அதிக எடை உள்ள 35 முதல் 65 வயது ஆண்களுக்கு, கிளப் மைதானத்திலேயே, கிளப் பயிற்சியாளர்களே நடத்திய 12 வார வகுப்பு. உடம்பைக் குறைக்கும் வகுப்பு என்றால் எட்டிக்கூடப் பார்க்காத ஆட்கள் ஆர்வமாக வந்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால், வகுப்புக்காகக் காத்திருந்தவர்களைவிட இவர்கள் சராசரியாக ஏறக்குறைய 5 கிலோ கூடுதலாகக் குறைத்திருந்தார்கள். 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு இது. நரை விழுந்தவர்களையே ஒரு ஜெர்சி இப்படி இழுக்கிறது என்றால், 14 வயதுப் பிள்ளையைச் சொல்லவா வேண்டும்?

உலகில் 11 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்களில் நூற்றுக்கு 81 பேருக்குப் போதுமான உடலுழைப்பு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று திட்டிப் பயனில்லை. விளையாட இடமில்லை, பயிற்சிக்குக் கட்டப் பணமில்லை, இருட்டிய பிறகு வெளியே அனுப்ப வீட்டில் பயம். இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக் 2006-ல் தொடங்கிய 'பிரீமியர் லீக் கிக்ஸ்' திட்டம் இங்கேதான் கை வைத்தது. பின்தங்கிய பகுதிகளில், கிளப்புகளின் பெயரில், கட்டணம் இல்லாமல் தொடர்ந்து பயிற்சி.

அந்தத் 'தொடர்ந்து' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு பையன் தன் பக்கம் வரும் பந்தையெல்லாம் தவறவிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பார்ப்பவருக்கு அவன் ஆட்டம் தெரியாத பையன். ஆறாவது வாரமும் பார்க்கும் பயிற்சியாளருக்குத்தான், தூரத்தில் வரும் பந்தைப் பார்க்க அவன் கண்ணைச் சுருக்குவது தெரியும். ஒரு கண் பரிசோதனை, ஒரு கண்ணாடி. விளையாட்டு மட்டுமா, வகுப்பில் கரும்பலகையும் தெரிய ஆரம்பிக்கும். பாதி ஆட்டத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பெண்ணிடம், "காலையில் சாப்பிட்டியாம்மா?" என்று கேட்கவும் அவள் உண்மையைச் சொல்லவும் பழக்கம் வேண்டும். ஒரு நாள் வந்து கைகுலுக்கிப் படம் எடுத்துப் போகும் நட்சத்திர வீரரிடம் எந்தப் பிள்ளை இதைச் சொல்லும்?

வீரர்களைக் குறை சொல்லவில்லை. இங்கிலாந்துக் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் 2020-ல் குரல் கொடுத்த பிறகுதான், இங்கிலாந்தில் கோடை விடுமுறைக்கும் பிள்ளைகளின் சாப்பாட்டு உதவியைத் தொடர அரசு ஒத்துக்கொண்டது. சுமார் 13 லட்சம் பிள்ளைகள். தானே இலவசப் பள்ளி உணவை நம்பி வளர்ந்தவர் என்பதால் அந்தப் பேச்சு எடுபட்டது.

என் கோபமெல்லாம் அணி நிர்வாகங்கள் மேல்தான். விளம்பரதாரர் பணம் தரும்வரை திட்டம் நடக்கும், பணம் நின்றதும் பயிற்சியாளர் காணாமல் போவார். ஏற்கெனவே பெரியவர்கள் பலர் கைவிட்ட பிள்ளைகளுக்கு இது இன்னொரு அடி. அப்புறம், ஒரு பக்கம் மனநலம் பற்றிப் பாடம் எடுத்துவிட்டு, அதே ஜெர்சியின் நெஞ்சில் சூதாட்ட நிறுவனத்தின் பெயரைப் போடுவது என்ன நியாயம்? 2025-26 பருவம் முடிவதற்குள் நெஞ்சிலிருந்து அதை எடுத்துவிடுவதாக பிரீமியர் லீக் கிளப்புகள் 2023-ல் ஒப்புக்கொண்டன. ஜெர்சியின் கைப்பகுதியில் போட அப்போதும் தடையில்லை. பிள்ளைகள் கையைப் பார்க்க மாட்டார்களா?

ரசிகர்களாகிய நாம் டிக்கெட் வாங்குகிறோம், ஜெர்சி வாங்குகிறோம். நம் அணியிடம் கேட்போம்: போன வருடம் வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த வருடமும் வருகிறார்கள்? அந்தப் பயிற்சியாளருக்கு அடுத்த வருடச் சம்பளத்தை ஒதுக்கி வைத்திருக்கிறீர்களா?