காலி நாற்காலிகளை எண்ணியவர்களே, விற்ற ஆட்டக்காரர்களையும் எண்ணுங்கள்

"அண்ணா, ஆளே வராத ஊர்ல எவன் டீம் நடத்துவான்?"

அலுவலக உணவுக்கூடத்தில் ஒரு தம்பி நேற்று என்னிடம் கேட்ட கேள்வி இது. 2023 மே மாதத்தில் ஓர் இரவு, கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டு நகரில், கொலிசியம் மைதானத்தில், அத்லெட்டிக்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 2,064 பேர்தான் என்ற வரியைக் கைப்பேசியில் காட்டிவிட்டு, இதற்குமேல் பேச என்ன இருக்கிறது என்பதுபோலத் தயிர்ச்சாதத்தைப் பிசையத் தொடங்கிவிட்டார். இந்த 2,064 என்ற எண்ணை யார் யாரோ என் முகத்துக்கு நேராக நீட்டியிருக்கிறார்கள். பேஸ்பாலில் ஒரு இன்னிங்ஸ் எப்படி முடியும் என்று தெரியாதவர்களுக்குக்கூட இந்த எண் மனப்பாடம். ரசிகர்களுக்கு ஆர்வம் போய்விட்டது, அதனால் அணியும் ஊரைவிட்டுப் போய்விட்டது என்ற இந்தத் தீர்ப்பைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இனிமேலும் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

ஆர்வம் தானாகப் போகவில்லை, போக்கடித்தார்கள். 2018இலும் 2019இலும் இந்த அணி ஒவ்வொரு சீசனிலும் 97 ஆட்டங்களில் வென்றது. 2019 அக்டோபர் 2ஆம் தேதி டாம்பா பே அணிக்கு எதிரான வைல்டு கார்டு என்ற தகுதிச் சுற்று ஆட்டத்துக்கு அதே கொலிசியத்துக்கு வந்தவர்கள் 54,005 பேர். அன்று அணி தோற்றது. தோற்ற பிறகும் நடைபாலத்தில் ரயிலுக்குக் காத்திருந்த கூட்டம் அடுத்த ஆண்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. முன்னணி ஆட்டக்காரர்களான மேட் ஓல்சனும் மேட் சாப்மனும் இருக்கும்வரை நமக்கென்ன கவலை என்று முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். அந்த 54,005 என்ற எண்ணை எந்தத் தம்பியும் இதுவரை எனக்குக் கைப்பேசியில் காட்டியதில்லை.

பிறகு நடந்ததைத் தேதியோடு சொல்கிறேன். 2021 சீசன் முடிந்ததும் களத்தில் அணியை வழிநடத்திய மேலாளர் பாப் மெல்வினை சான் டியேகோவுக்குப் போக விட்டார்கள். 2022 மார்ச் மாதத்தில், ஒரே வாரத்துக்குள், பந்து வீசும் பிட்சர் கிறிஸ் பாசிட் நியூயார்க் மெட்ஸுக்கும், ஓல்சன் அட்லாண்டாவுக்கும், சாப்மன் டொராண்டோவுக்கும் அனுப்பப்பட்டார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் ஷான் மனாயா சான் டியேகோவுக்குப் போனார். ஆகஸ்டில் ஃபிராங்கி மோன்டாஸ், டிசம்பரில் ஷான் மர்ஃபி என்று வண்டி நிற்கவே இல்லை. நம் பிள்ளைகள் எந்த ஆட்டக்காரரின் பெயர் பொறித்த சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனார்களோ, அவர் அடுத்த மாதம் வேறு ஊரின் சட்டையில் நின்றார். இத்தனையும் செய்துவிட்டு அதே ஆண்டில் சீசன் டிக்கெட் விலையை ஏற்றினார்கள். விற்கக்கூடியவர்களை எல்லாம் விற்றுவிட்டு, மிச்சமிருந்ததைப் பார்ப்பதற்குக் கூடுதல் பணம் கேட்டார்கள். அந்த ஆண்டு அணி 102 ஆட்டங்களில் தோற்றது. அடுத்த ஆண்டு 112. வந்த கூட்டமும் 2019இல் ஏறத்தாழ 16.7 லட்சமாக இருந்தது 2022இல் 8 லட்சத்துக்கும் கீழே போனது.

நல்ல கை கொண்ட சமையல்காரரை அனுப்பிவிட்டு, இட்லி விலையையும் ஏற்றி, ஒழுகும் கூரையையும் சரிசெய்யாமல் போட்டுவிட்டு, இந்த ஊர்க்காரர்களுக்குச் சாப்பிடவே தெரியவில்லை என்று பலகை எழுதி மாட்டிக் கடையைக் காலி செய்கிற முதலாளியை நாம் என்ன சொல்வோம்? நம் ஊரில் அவரை வாடிக்கையாளர்கள் கைவிட்டார்கள் என்று யாராவது இரக்கப்படுவார்களா?

சரி, ஆர்வம் செத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 2023 ஜூன் 13ஆம் தேதி நடந்ததற்கு என்ன பதில்? அதை நான் முழுமையாகச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அதை யாரும் முழுமையாகக் கேட்பதில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. பண்டிகை நாளோ நீண்ட வார இறுதியோ இல்லை. சீசனிலேயே மிக மோசமான நிலையில் இருந்த அணி, அப்போது லீகிலேயே முதலிடத்தில் இருந்த டாம்பா பேயை எதிர்த்து ஆடுகிறது. வழக்கமாக எதிர்ப்பைக் காட்ட நினைக்கும் ரசிகர்கள் மைதானத்துக்கு வராமல் இருப்பார்கள். ஓக்லாண்டு ரசிகர்கள் அதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். வந்து நிரப்புவோம், அப்போதாவது குறை யாரிடம் என்று உலகம் பார்க்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். ஃப்ரீமாண்டிலிருந்து நான் ஏறிய பார்ட் என்ற உள்ளூர் ரயிலில் ஒவ்வொரு நிலையத்திலும் பச்சைச் சட்டைகள் ஏறின. கொலிசியம் நிலையத்திலிருந்து மைதானத்துக்குப் போகும் அந்த நீண்ட நடைபாலத்தில், பன்றி இறைச்சி சுற்றிய ஹாட் டாக் விற்பவர்களின் அடுப்புப் புகைக்கு நடுவே, கூட்டம் நகர முடியாமல் நின்றது. வாகன நிறுத்துமிடத்தில் ரசிகர் குழுவினர் இலவசமாகச் சட்டைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கெல்லி பச்சை நிறத்தில், நெஞ்சுக்கு நேரே ஒரே ஒரு சொல்: விற்றுவிடு. அது உரிமையாளர் ஜான் ஃபிஷருக்கான செய்தி. கிளப்பின் விளம்பரத் துறையோ தொலைக்காட்சியோ அந்தச் சட்டைகளுக்குக் காசு கொடுக்கவில்லை. ரசிகர்கள்தாம் தங்களுக்குள் வசூல் செய்து ஆயிரக்கணக்கில் அச்சடித்தார்கள்.

ஐந்தாம் இன்னிங்ஸ் தொடங்கியபோது நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். முதல் பேட்டர் களத்தில் நிற்கும்வரை யாரும் சத்தம் போடக் கூடாது என்பது முன்பே சொல்லப்பட்டிருந்தது. வலப்புற மேடையில் ஆட்டம் தவறாமல் அதிர்ந்துகொண்டிருக்கும் மேளங்கள் நின்றன. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடியிருந்த இடத்தில், பிட்சரின் பந்து கேட்சரின் கையுறையில் விழும் ஓசை கேட்டது. எனக்குப் பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி, 1970களின் தொப்பியோடு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அந்த பேட்டரின் முறை முடிந்ததும் மைதானம் முழுவதும் ஒரே குரலில் வெடித்தது: அணியை விற்றுவிடு, அணியை விற்றுவிடு, அணியை விற்றுவிடு. என் தொண்டை மறுநாள் முழுவதும் வேலை செய்யவில்லை. அன்று வந்தவர்கள் 27,759 பேர். அணி 2–1 என்று வென்றது, அதுவும் தொடர்ச்சியாக ஏழாவது வெற்றி. ஆட்டம் முடிந்தபின் சிலர் களத்துக்குள் பாட்டில்களை வீசினார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் மறுநாள் அந்தப் பாட்டில்களைப் பற்றி மட்டும் பேசியவர்களை அதைவிடவும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நாங்கள் கத்திக்கொண்டிருந்த அதே நாளில்தான் நெவாடா மாநில செனட் சபை, லாஸ் வேகஸில் இந்த அணிக்கு மைதானம் கட்டுவதற்கு 38 கோடி டாலர் வரையிலான மக்கள் பணத்தைக் கொடுக்கும் மசோதாவை நிறைவேற்றியது. இரண்டு நாளில் ஆளுநர் கையெழுத்திட்டார்.

அதே ஜூன் 15ஆம் தேதி லீகின் ஆணையர் ராப் மான்ஃப்ரெட் பேசினார். அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, ஓர் இரவுக்காவது ஏறத்தாழ லீகின் சராசரி அளவுக்குக் கூட்டம் வந்தது நல்ல விஷயம் என்ற பொருளில் சொன்னார். ஏறத்தாழ சராசரி! அந்த வார்த்தைகள் இன்னும் என் வயிற்றில் எரிகின்றன. விளையாட்டையே நிர்வகிக்கும் பொறுப்பில் இருப்பவர், சம்பளம் வாங்கிக்கொண்டு இந்த விளையாட்டைக் காப்பாற்ற வேண்டியவர், தன் விளையாட்டின்மேல் உயிரையே வைத்திருக்கும் 27,759 பேரைப் பார்த்துச் சொன்னது அது. வந்தாலும் இகழ்ச்சி, வராவிட்டாலும் இகழ்ச்சி என்றால், ரசிகன் என்னதான் செய்திருக்க வேண்டும்? அதே ஆண்டு நவம்பரில் லீகின் அணி உரிமையாளர்கள் 30–0 என்று ஒருமனதாக இடமாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். ஓர் உரிமையாளருக்குக்கூட நாக்கு எழவில்லை.

ஊரில்தான் குறை என்று இன்னும் சொல்பவர்களுக்கு நான் ஒரு பழைய கணக்கைக் காட்டுகிறேன். 1972, 1973, 1974 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்ற அணியை அன்றைய உரிமையாளர் சார்லி ஃபின்லி சிதறடித்தார். 1979இல் அந்த அணி 108 ஆட்டங்களில் தோற்றது. சீசன் முழுவதும் வந்தவர்கள் 3 லட்சத்துச் சொச்சம் பேர்தான். ஏப்ரல் மாத ஆட்டம் ஒன்றுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டவர்கள் வெறும் 653 பேர். அப்போதும் ஓக்லாண்டு செத்த ஊர் என்றுதான் சொன்னார்கள். 1980இல் ஹாஸ் குடும்பத்தினர் அணியை வாங்கினார்கள். ஆட்டக்காரர்களுக்குச் செலவு செய்தார்கள், ஊரோடு உறவாடினார்கள். உள்ளூர்ப் பிள்ளையான ரிக்கி ஹெண்டர்சன் தளம் திருட, அதாவது பந்து அடிக்கப்படும் முன்பே அடுத்த தளத்தைப் பிடிக்க, ஓடினால் அரங்கமே எழுந்து நின்றது. 1989இல் உலகத் தொடரை வென்றார்கள். 1990இல் வந்த கூட்டம் 29 லட்சம்! அதே ஊர், அதே கொலிசியம், அதே மக்கள், அதே ரயில். மாறியது உரிமையாளர் மட்டும். பதினோரு ஆண்டுகளில் 3 லட்சம் 29 லட்சமாக ஆகுமென்றால், ஆர்வம் இல்லாத ஊர் என்ற பேச்சுக்கு என்ன அர்த்தம்?

மைதானம் பழசு என்பார்கள். ஆமாம், பழசுதான். 1966இல் திறந்தது. 2013இல் சாக்கடை நீர் ஆட்டக்காரர்களின் அறைக்குள்ளேயே புகுந்தது. அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றை மீண்டும் ஊருக்கு வரவழைப்பதற்காக 1990களில் எழுப்பிய கான்கிரீட் மலை, கிழக்கே தெரிந்த குன்றுகளை மறைத்துவிட்டது. அந்தக் கால்பந்து அணியும் 2020இல் லாஸ் வேகஸுக்கே போய்விட்டது. புதிய மைதானம் கட்டுகிறோம் என்று அத்லெட்டிக்ஸ் சொன்ன இடங்களையும் பாருங்கள்: முதலில் நான் குடியிருக்கும் ஃப்ரீமாண்ட், 2009இல் கைவிட்டார்கள். பிறகு சான் ஹோசே, அது வழக்கில் முடிந்தது. 2017இல் லேனி கல்லூரிக்குப் பக்கத்தில், அதுவும் அதே ஆண்டில் போயிற்று. அப்புறம் துறைமுகத்தில் ஹோவர்டு டெர்மினல். ஓக்லாண்டில் வேரூன்றியவர்கள் நாங்கள் என்று சுவரொட்டி அடித்து அதே காலத்தில்தான் டிக்கெட் விற்றார்கள். நகராட்சி மெத்தனமாக இருந்தது என்று எனக்குப் பதில் வரும். இருந்திருக்கலாம். அந்த மெத்தனத்துக்காக ஓல்சனை விற்கச் சொன்னது எந்த நகராட்சி?

ஒவ்வொரு முறையும் எங்களிடம் நம்பிக்கையைக் கேட்டு வாங்கினார்கள். நம்பிக்கையும் செலவாகும் பொருள்தான் என்பது நிர்வாகத்தில் யாருக்கும் தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமை இரவு குளிரில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவன், அணி வெல்லும் என்று நினைத்து மட்டும் போவதில்லை. இந்த அணி நாளையும் இங்கே இருக்கும், இந்த ஆட்டக்காரனை அடுத்த ஆண்டும் பார்க்கலாம் என்ற நிச்சயத்துக்காகவும் போகிறான். தோல்வியைத் தாங்க ரசிகனுக்குத் தெரியும். தோல்வியைத் திட்டமிட்டுச் செய்கிறார்கள் என்று தெரிந்த பிறகு அவன் எப்படித் தாங்குவான்? அந்த 2,064 பேரைப் பற்றிப் பேசுபவர்கள் வராதவர்களைத்தான் பார்க்கிறார்கள். உரிமையாளர் ஊரைவிட்டுப் போவதற்கு நிலம் பேசிவிட்டார் என்ற செய்தி வந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், அணி எல்லா வகையிலும் தோற்றுக்கொண்டிருந்த வேளையில், திங்கட்கிழமை இரவு வந்து உட்கார்ந்த 2,064 பேரை நான் பார்க்கிறேன். எந்த அணிக்கும் கிடைத்தற்கரிய ரசிகர்கள் அவர்கள்தாம்.

2024 செப்டம்பர் 26ஆம் தேதி கடைசி ஆட்டத்துக்கு 46,889 பேர் வந்தார்கள். டெக்சஸை 3–2 என்று வென்றார்கள். அப்புறம் மூட்டை கட்டி மேற்கு சாக்ரமெண்டோவில், சிறிய லீக் அணி ஆடுகிற, ஏறத்தாழ 14,000 பேர் அமரக்கூடிய மைதானத்துக்குப் போனார்கள். மூன்று ஆண்டு தங்கப்போகும் அந்த ஊரின் பெயரைக்கூட அணியின் பெயரோடு சேர்க்க மறுத்துவிட்டார்கள். வெறும் அத்லெட்டிக்ஸ் என்றுதான் அட்டவணையில் போடுகிறார்கள். இருக்கை குறைவான அந்த மைதானத்திலேயே இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. அதற்குள் சாக்ரமெண்டோகாரர்களுக்கும் ஆர்வம் இல்லை என்ற பேச்சு கிளம்பிவிட்டது. ஊர்ப் பெயரைச் சொல்லவே கூசுகிற விருந்தாளிக்கு எந்த ஊர் கை தட்டும்?

ஓக்லாண்டில் ஆர்வம் எங்கே போயிற்று என்று தெரிய வேண்டுமானால் மேற்கு ஓக்லாண்டின் ரைமாண்டி பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். 2024 முதல் அங்கே பாலர்ஸ் என்ற சின்ன அணி ஆடுகிறது. பெரிய லீக் அணி எதற்கும் கிளையாக இல்லாத அணிகள் ஆடும் பயனியர் லீகில், சில ஆயிரம் பேருக்கு மட்டும் இடமுள்ள மைதானத்தில் ஆடுகிற அணி அது. அதன் பங்குகளை ரசிகர்களே காசு போட்டு வாங்கியிருக்கிறார்கள். 2025இல் அந்த அணி பட்டமும் வென்றது. அந்தத் தம்பியிடம் அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்; டிக்கெட் என் செலவு. வந்து கூட்டத்தை அவரே எண்ணிக்கொள்ளட்டும்.