கிக் ஸ்கூட்டருக்கு 25,000 ஃபைனா? இல்லீங்க

பசங்க ரோட்டோரமா ஸ்கேட்டிங் போர்டு, கிக் ஸ்கூட்டர் ஓட்டுனா பெத்தவங்களுக்கு 25,000 ரூவா ஃபைன், ஜெயிலுன்னு கிருஷ்ணகிரி குரூப்புல ஒரு மெசேஜ் சுத்துது. தப்புங்க அது. அந்த 25,000 வந்து மோட்டார் வாகனச் சட்டத்தோட 199ஏ பிரிவு, 2019ல திருத்தம் பண்ணி சேர்த்தது, 18 வயசு ஆகாதவங்க பைக், கார்னு மோட்டார் வண்டி ஓட்டி மாட்டுனா பெத்தவங்களுக்கோ வண்டி ஓனருக்கோ வர்றது. காலால உந்தித் தள்ளுற ஸ்கூட்டர்ல மோட்டாரே இல்லையே! மத்திய அரசோட சட்டமெல்லாம் இருக்குற இந்தியா கோட் வெப்சைட்டுல, மோட்டார் வண்டின்னா என்னன்னு சொல்ற 2(28), அப்புறம் இந்த 199ஏ ரெண்டையும் நீங்களே படிச்சுப் பாருங்க. பக்கத்து வீட்டு அக்கா இதை நம்பி பையனோட ஸ்கூட்டர கட்டிலுக்கு அடியில தள்ளிட்டாங்க, சக்கரத்துல டேம் பார்க் மண்ணு கூட இன்னும் காயல, அவன் அழுதுட்டே உக்காந்திருக்கான், பாக்கவே கஷ்டமா இருக்கு. லாரி ஓடுற ஹைவே பக்கம் மட்டும் விடாதீங்க. மெசேஜ் வந்தா ஃபார்வர்ட் பண்ணாம அந்த குரூப்புலயே இதைப் போட்டுருங்க, ப்ளீஸ்.