பெட்டிக்குள் ஓடுதா, வெளியே ஓடுதா? அதை மட்டும் சொல்லித் தொலையுங்கள்

பாதுகாப்பே கிடையாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இருக்கிற மாதிரி காட்டிவிட்டு இல்லாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. லினக்ஸில் பிரவுசரை சாண்ட்பாக்ஸுக்குள், அதாவது மற்ற கோப்புகளைத் தொடவிடாத ஒரு மூடிய பெட்டிக்குள், திறக்க ஒரு ஐகான் வைப்பது இன்றைக்கும் அந்த லட்சணத்தில்தான் இருக்கிறது.

வேலூர் காந்தி ரோடு பக்கம் சித்தப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஓரமாக நாலைந்து கம்ப்யூட்டர். அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள்தான் முக்கால்வாசி வாடிக்கை. மேற்கு வங்கம், அசாம், ஜார்க்கண்ட், பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ வந்து, லாட்ஜில் வாரக்கணக்கில் தங்கி வைத்தியம் பார்க்கிறவர்கள். மெயிலைத் திறந்து ரிப்போர்ட் பிரிண்ட் எடுப்பார்கள். காட்பாடியிலிருந்து ஹவுராவுக்கு டிக்கெட் போடுவார்கள். ஆதார் இறக்குவார்கள், பேங்க் சைட்டுக்குள் போவார்கள். டாக்டரைப் பார்க்க நேரமாகிவிட்டது என்று லாக் அவுட் பண்ணாமலே எழுந்து ஓடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அடுத்த ஆள் வந்து உட்கார்ந்தால், முன்னவருடைய பயாப்சி ரிப்போர்ட் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் பெயரோடு கிடக்கும். அந்த மனுஷன் பெண்டாட்டியிடம்கூட இன்னும் சொல்லாத விஷயம் அதில் இருக்கலாம்.

"இன்காக்னிட்டோவில் திறக்கச் சொல்ல வேண்டியதுதானே" என்று உடனே கிளம்பி வருவார்கள். இன்காக்னிட்டோவை மூடினால் ஹிஸ்டரி போகும், குக்கி போகும். இறக்கிய பிடிஎஃப் டிஸ்க்கில் அப்படியேதான் இருக்கும். ஆளுக்கு ஆள் லாக் இன் மாற்றிக்கொண்டிருக்கவும் கூட்ட நேரத்தில் முடியாது.

இதற்கென்றே ஃபயர்ஜெயில் இருக்கிறது. லினக்ஸின் அடித்தளமான கெர்னலில் புரோகிராம்களைத் தனித்தனியாகப் பிரித்துவைக்க இருக்கும் நேம்ஸ்பேஸ் வசதியை வைத்து, ஒரு புரோகிராம் எந்த ஃபோல்டரைப் பார்க்கலாம், எதைத் தொடக்கூடாது என்று வேலி போடும் கருவி. அதில் பிரைவேட் என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் நம் கோப்புகள் எல்லாம் இருக்கும் ஹோம் ஃபோல்டருக்குப் பதிலாக, பிரவுசருக்கு ஒரு தற்காலிக ஹோம் ஃபோல்டர் கிடைக்கும். மூடியதும் டவுன்லோட், லாக் இன், பாஸ்வேர்டு எல்லாம் சேர்ந்து அழிந்துவிடும். எங்கள் கடைக்காகவே செய்த மாதிரி இருக்கும். கமாண்ட் அடிக்கிற ஜன்னலான டெர்மினலில் அடித்துப் பார்த்தால் அழகாக வேலை செய்கிறது. கருவியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் வயிற்றெரிச்சல் எல்லாம் ஐகானில்தான். வாடிக்கையாளர் டெர்மினலில் கமாண்ட் அடிப்பாரா? ஐகானைத்தான் அழுத்துவார். அந்த ஐகானுக்குப் பின்னால் இருப்பது ஒரு டெஸ்க்டாப் கோப்பு. அதில் எக்ஸெக் என்று ஒரு வரி. எந்தக் கமாண்டை ஓட்டுவது என்று அதில்தான் எழுதியிருக்கும். சிஸ்டம் ஃபோல்டரில் இருக்கிற கோப்பை ஹோமுக்குள் நகலெடுத்து, அந்த வரியின் முன்னால் ஃபயர்ஜெயிலைச் சேர்க்க வேண்டும். சரி, சேர்த்தாயிற்று. ஐகானை அழுத்தினால் சாண்ட்பாக்ஸுக்குள் திறக்கிறது. வேலை முடிந்தது என்றுதானே நினைப்போம்?

அந்தக் கோப்பைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்கள். ஐகானை ரைட் கிளிக் செய்தால் வருமே, புதிய ஜன்னல், புதிய பிரைவேட் ஜன்னல் என்று, அந்த ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு எக்ஸெக் வரி இருக்கும். மேலே மாற்றியதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆகவே, கூச்சப்பட்டு, கவனமாக, ரைட் கிளிக் செய்து "பிரைவேட் ஜன்னல்" எடுக்கிற ஆள்தான் வேலிக்கு வெளியே போய் நிற்கிறார்! கோட்டை வாசலைப் பூட்டிவிட்டு அகழிமேல் பலகை போட்டு வைத்த மாதிரி. யார் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கிறாரோ அவரைத்தான் இது காட்டிக்கொடுக்கிறது. இதைச் சொல்ல ஒரு எச்சரிக்கை வரி எங்காவது திரையில் வருகிறதா? வராது.

அப்புறம் டிஃபால்ட் பிரவுசர் கூத்து. பிடிஎஃப்பில் இருக்கிற லிங்க்கை ஒருவர் அழுத்துகிறார். அது நம் ஐகானைத் தேடி வராது; டிஃபால்ட் என்று பதிந்திருக்கும் டெஸ்க்டாப் கோப்பைத் தேடிப் போகும். நம் கோப்புக்கு வேறு பெயர் வைத்திருந்தால், போவது பழைய பிரவுசருக்குத்தான். இதில் ஃபயர்ஃபாக்ஸுக்கு இன்னொரு குணம்: வெளியே ஏற்கனவே ஒரு ஃபயர்ஃபாக்ஸ் ஓடிக்கொண்டிருந்தால், புதிதாகத் திறப்பதை அதனிடமே ஒப்படைக்கப் பார்க்கும். சாண்ட்பாக்ஸுக்குள் திறந்ததாக நினைத்துக்கொண்டிருப்போம், ஜன்னல் வெளியே நிற்கும். அதைத் தடுக்க நோ ரிமோட் என்று இன்னொரு ஆப்ஷன். ஏன் இதெல்லாம் நாமாகத் தோண்டித் தெரிந்துகொள்ள வேண்டிய ரகசியமாக இருக்கிறது?

டெர்மினலில் நாம் அடிப்பதைப் படித்துப் புரிந்துகொள்வது ஷெல் என்ற புரோகிராம்; எக்ஸெக் வரி அதன் வழியாகப் போவது கிடையாது. டெர்மினலில் ஹோமுக்குப் போடுகிற அலைக்கோடு (~) அங்கே செல்லாது. டெர்மினலில் சரியாக ஓடியதை அப்படியே கொண்டுபோய் ஒட்டினால், அழுத்துகிறோம், அழுத்துகிறோம், ஒன்றும் நடக்காது. பிழைச்செய்தி? பெரும்பாலும் ஒன்றும் வராது. கவுன்டரில் இருக்கிற பையன் "இன்னாண்ணா, மெஷின் தொங்கிடுச்சா?" என்று கேட்பான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது?

ஃபயர்ஜெயிலிலேயே இதற்கு ஃபயர்சிஎஃப்ஜி என்று ஒரு உதவிக் கருவி உண்டு, நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். தன் பட்டியலில் இருக்கிற எல்லா புரோகிராமுக்கும் ஒரே அடியில் இணைப்பு போட்டு, டெஸ்க்டாப் கோப்புகளையும் ஹோமில் நகலெடுத்துத் திருத்தித் தரும். ஆனால் அது சாதாரண புரொஃபைலோடு, அதாவது அந்தந்த புரோகிராமுக்கென்று ஃபயர்ஜெயில் வைத்திருக்கிற விதிப் பட்டியலோடு, திறக்கத்தான். மூடியதும் எல்லாம் அழிய வேண்டும் என்றால் மறுபடி நாம்தான் கோப்புக்குள் இறங்க வேண்டும். அந்த நகலும் அன்றைய தேதிக்கு எடுத்த நகல். பிறகு மூலக் கோப்பின் பெயர் மாறினால் மெனுவில் ஒரே மாதிரி இரண்டு ஐகான் நிற்கும், எது உள்ளே, எது வெளியே? லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் 21.10இலிருந்தே ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாக வருகிறது. ஸ்னாப், பிளாட்பாக் இரண்டும் புரோகிராமைப் பொட்டலமாகக் கட்டித் தரும் முறைகள்; அவற்றுக்குத் தனித்தனி சாண்ட்பாக்ஸ் உண்டு, அவை ஃபயர்ஜெயிலுக்குள் அடங்காது. டெஸ்க்டாப் கோப்பின் பெயரும் இருக்கிற இடமும் ஒவ்வொன்றிலும் வேறு.

பென் டிரைவ் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் படங்களை இன்னொரு டாக்டருக்கு மெயிலில் அனுப்ப வேண்டும் என்று ஒருவர் பென் டிரைவோடு வருகிறார். பிரவுசரில் அட்டாச் பண்ணப் போனால் டிரைவ் காலியாக இருக்கிறது. ஃபைல் மேனேஜரில் திறந்தால் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. அந்த ஆள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், படமெல்லாம் அழிந்துவிட்டது என்றே நினைத்துவிட்டார். நடந்தது என்னவென்றால், பிரவுசர்களுக்கான பொதுப் புரொஃபைல் வெளி டிரைவ்களை மறைத்துவைக்கிறது. மறைக்கட்டும், நல்லதுதான். "மறைத்திருக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? உள்ளே போகவிடாதபோதும் மௌனம், வெளியே விட்டுவிட்டபோதும் மௌனம்.

இதற்கெல்லாம் யோசனை கேட்டால், குரோமியம் பிரவுசருக்கு "நோ சாண்ட்பாக்ஸ் ஆப்ஷனைப் போடு, திறந்துவிடும்" என்கிறார்கள் சிலர். திறக்கும்தான். பிரவுசர் தனக்கென்று வைத்திருக்கிற காவலையும் சேர்த்துக் கழற்றிப் போட்டுவிட்டுத் திறக்கும். ஊர் பேர் தெரியாதவர்கள் பேங்க் பாஸ்வேர்டு அடிக்கிற மெஷினில் இதைச் செய்யச் சொல்ல எப்படி மனசு வருகிறது?

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. பாதுகாப்புக்கென்றே செய்த க்யூப்ஸ் ஓஎஸ்ஸின் முதல் பதிப்பு 2012இலேயே வந்துவிட்டது. அதில் ஒவ்வொரு ஜன்னலின் விளிம்பிலும் ஒரு நிறம். எந்தப் பெட்டிக்குள் ஓடுகிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். ஆனால் அது தனித்தனி விர்ச்சுவல் மெஷின்களாக, கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டராக, ஓடுவது, ராம் நிறைய தின்னும், எங்கள் கடையின் பழைய மெஷின்கள் தாங்காது. அந்த விளிம்பு நிறத்தை மட்டுமாவது சாதாரண டெஸ்க்டாப்புக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே ஓடினால் பச்சை, வெளியே ஓடினால் சிவப்பு. ரைட் கிளிக் வரிகளுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் ஒரே டிக். ஓடவில்லை என்றால் ஏன் ஓடவில்லை என்று திரையில் ஒரு வரி.

இப்போதைக்கு ஒவ்வொரு மெஷினிலும் டெர்மினலைத் திறந்து, ஃபயர்ஜெயிலின் லிஸ்ட் கமாண்டை அடித்து, பிரவுசர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நானே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாடிக்கையாளர் உட்கார்ந்த பிறகு, அவர் தோளுக்கு மேலே குனிந்து. அவர் ரகசியத்தைக் காப்பாற்ற நான் அவர் திரையைப் பார்க்க வேண்டியிருக்கிறதே, இதை என்னவென்று சொல்வது!