புல்லி இரைந்தால் கம்ப்ரசரையே மாற்ற வேண்டுமா?

கார் ஏர்கோனின் கேஸை அழுத்தும் கம்ப்ரசரில், பெல்ட் சுற்றும் சக்கரமான புல்லி இரைந்தால் கம்ப்ரசர் முழுவதையும் மாற்றியே ஆக வேண்டும் என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. இன்ஜின் ஓடும்வரை புல்லியும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே ஏர்கோனை அடைத்த பிறகும் இரைச்சல் நீடித்தால், முதலில் ஐயப்பட வேண்டியது புல்லிக்குள் இருந்து அதைத் தடையின்றிச் சுழல வைக்கும் பேரிங்கைத்தான். ஏர்கோனைத் திறந்தால் மட்டும் இரைகிறது என்றால் அது வேறு கதை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டச் சாலையோரப் பட்டறையொன்றில், என் பழைய காரின் பெல்ட்டைக் கழற்றிப் புல்லியைக் கையால் சுழற்றிப் பார்த்தபோது, மணல் அரைபடுவதுபோல் விரலில் உறுத்தியது. ஏர்கோனைத் திறக்கும்போது புல்லியைக் கம்ப்ரசரோடு இணைக்கும் கிளட்ச் தட்டையும் பூட்டு வளையத்தையும் கழற்றிப் பேரிங்கை மட்டும் மாற்றினோம். கேஸை வெளியேற்றவே இல்லை. தட்டுக்கடியில் இருக்கும் மெல்லிய வளையங்களைத் தொலைத்துவிடாதீர்கள், தட்டுக்கும் புல்லிக்கும் நடுவிலுள்ள கிளட்ச் இடைவெளி அவற்றால்தான் அமைகிறது. எண்ணெய் பீய்ச்சுவதும் வீண். மூடிய பேரிங்குக்குள் அது சரியாகப் போகாது, பெல்ட்தான் வழுக்கும்.